மழை விட்ட காலை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுத்துணி தைப்பவள் அல்ல, தைத்த துணியைத் திருத்திக் கொடுப்பவள். பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவாள். மருந்துக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அவளுடைய கடையில் ஒரு தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, அவ்வளவுதான். ஊரில் யாருக்குத் தொப்பை வைத்திருக்கிறது, யார் கவலையில் உருகிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அதனாலேயே கடை நன்றாக ஓடியது.

அவளுடைய கணவர் கார் பட்டறையில் பெயின்ட் கலக்குபவர். அடிபட்டு நசுங்கி வந்த காருக்குப் புதுக்கதவு போட்டால், பழைய உடம்பும் புதுக்கதவும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் அல்லவா? பத்து வருஷம் வெயிலில் காய்ந்து வெளுத்த நீலமாக இருந்தாலும் அதே வெளுப்போடு கலந்து கொண்டுவந்துவிடுவார். கலர்க்காரர் என்று பெயர் வந்தது அப்படித்தான். டப்பாவில் எந்த நிறத்தையும் வரவழைத்த மனுஷரால் ஒரே ஒரு நிறத்தை மட்டும் வரவழைக்க முடியவில்லை. அது டப்பாவில் வரவேண்டிய நிறம் அல்ல, பூவில் வரவேண்டியது.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை அகலத்துக்கு மண் இருந்தது. அதில் முழுக்க ஐரிஸ் என்ற பூச்செடி. வாள் மாதிரி விரைத்த இலைகள், மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும் கிழங்கு, குளிர்காலம் போனதும் நிமிர்ந்து வரும் தண்டு. பூவில் மூன்று இதழ்கள் மேல் நோக்கிக் குவிந்திருக்கும், மூன்று நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி கீழே மடிந்திருக்கும். ஊதாவில் உண்டு, மஞ்சளில் உண்டு, கறுப்பு என்று சொல்லும்படிகூட உண்டு. அவருக்கு வேண்டியது சுட்ட செங்கல் நிறம், ஊதாவின் சாயல் துளியும் கலக்காத செங்கல். அதற்காக ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைப்பார், காயைப் பாதுகாப்பார், விதையைப் போடுவார், முளைத்தது பூக்க இரண்டு மூன்று வருஷம் காத்திருப்பார். பூத்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரியில்லை" என்று பிடுங்கி எறிவார். மறுபடியும் முதலிலிருந்து.

அவள் அந்தப் பூக்களுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். "என் சக்களத்தியைக் கவனிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே கையைக் கழுவுவார். மகள் சின்னவளாக இருந்தபோது, சக்களத்தி என்றால் ஒரு பூச்செடி என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, டீச்சர் கூப்பிட்டு விசாரித்த கதையும் உண்டு.

பூக்காலம் என்பது மொத்தமே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வானம்தான் அவருக்கு எஜமான். மழைத்துளி பட்டால் மகரந்தம் ஊறி வெடித்து வீணாகிவிடும். வெயில் கொளுத்தினால் மகரந்தத்தை வைக்க வேண்டிய இடம், பூவுக்குள் மூன்று இடத்தில் உதடு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன மடிப்பு, ஒட்டும் பசை இல்லாமல் காய்ந்துபோகும். காற்றடித்தால் தண்டே முறியும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், மழை இல்லாத ஒரு காலை கிடைக்க வேண்டும். ஒரு பூ இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது என்பதால் அந்தக் காலை போனால் போனதுதான். பட்டறையில் அந்த மூன்று வாரமும் மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்று முதலாளியிடம் சொல்லிவைத்திருந்தார். அவரும் தலையில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு விஷயத்தை மட்டும் ஊசியக்காவால் மறக்க முடியவில்லை.

அவளுடைய அப்பா வேறு ஊரில் இருந்தார், பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். ஒரு பூக்காலத்தில், வாரக்கணக்காகப் பெய்த மழை விட்ட காலையில், அண்ணன் போன் பண்ணினான். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, சாயங்காலம் வரைக்கும் தாங்காது, ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க என்றான். கலர்க்காரர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். நீ முன்னால் போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்றார். அவள் போனாள். அப்பாவுக்கு மருமகன் என்றால் உயிர். மாப்பிள்ளை வந்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டார். வந்துகிட்டே இருக்கார்ப்பா என்று அவள் இரண்டு தடவையும் சொன்னாள். மருமகன் வாசலில் கால் வைத்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

நாளெல்லாம் அடுத்தவர் சட்டைக் கையைப் பார்த்துப் பிழைப்பவள் அவள். கணவரின் சட்டைக் கை விளிம்பில் மஞ்சள் மகரந்தப் பொடி ஒட்டியிருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். அண்ணன் பார்ப்பதற்கு முன்னால் அதைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்களத்தி என்று கேலி பேசுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. மகள் கல்யாணமாகிப் போனாள். ஒரு குளிர்காலத்தில், பட்டறையில் சாம்பல் நிறம் கலக்கிக்கொண்டிருந்தபோது கலர்க்காரர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். பேச்சு குழறினாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. ஆணியில் மாட்டிய சட்டையின் கை மாதிரி தொங்கியது. கோலை இடது கையில் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்கும் ஜன்னலுக்குமாக நடப்பதே பெரும்பாடு.

குளிர் விலகித் தண்டுகள் நிமிர்ந்தன. தாமிர நிறத்தில் பூக்கும் ஒரு செடியைத்தான் அவர் இத்தனை வருஷமாக வளர்த்துப் பக்குவப்படுத்தி வைத்திருந்தார். தாய்ச்செடி அதுதான். முன்னாலேயே பூத்துவிட்ட இன்னொரு செடியின் மகரந்தத்தை அவர் சொல்லச் சொல்ல அவள் எடுத்துக் காயவைத்து, மாத்திரைக் குப்பியில் போட்டு, ஃபிரிஜ்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தாய்ச்செடி பூக்க வேண்டியதுதான் பாக்கி. அது பூக்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. விடியலில் ஒரு பாட்டம், மதியம் ஒரு பாட்டம், நடுவில் தூறல். பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்து, நனைந்து, கசங்கிச் சுருண்டன. அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பிறகு ஒரு காலை மழை விட்டது.

அவள் எழுந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பட்டன்கள் துளை மாறி மாட்டியிருந்தன. தாய்ச்செடியில் மூன்று பூக்கள் ஒன்றாக விரிந்து, ஈரம் உலர்ந்து நின்றன.

"இன்னிக்கு வச்சிடலாம்மா" என்றார்.

அவள் கைப்பையை எடுத்தாள். "கடையில வேலை கிடக்கு. சாயங்காலம் பார்த்துக்கலாம்."

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்று அவர் வானத்தைக் காட்டினார்.

அந்தச் சொற்கள்தான் அவளை உலுக்கின. அவர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. மேகத்தைப் பற்றிச் சொன்னார். ஆனால் அவளுக்கு அண்ணனின் குரல் காதில் விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கடையில் அப்படியொன்றும் தலைபோகிற வேலை இல்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது, அதற்கும் இன்னும் நாள் இருந்தது. அவள் தையலைப் பிரித்தாள். பிரித்த நூலைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆளுயரக் கண்ணாடியில் வெயில் பளீரென்று விழுந்திருந்தது. இப்படி ஒரு வெளிச்சம் விழுந்து எத்தனை நாளாயிற்று என்று சாவிக்கடைக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். அவள் ம் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியிலிருந்த வெயில் மங்கியது, பிறகு காணாமலே போயிற்று. முதல் துளி தகரக்கூரையில் விழுந்த சத்தம் கேட்டதும், உடுப்பை மெஷின் மேலேயே போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினாள்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் ஆள் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. அவர் செடிக்குப் பக்கத்தில் ஈரச் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தார். கோல் எட்டப் போய்க் கிடந்தது. இடது கையில் இடுக்கி. தாய்ச்செடியின் தண்டு ஒன்று பூவோடு ஒடிந்து அவர் மடியில் கிடந்தது. மற்ற பூக்களை மழை அடித்துத் துவைத்துவிட்டிருந்தது, நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கின. அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

ஏன் இப்படிப் பண்ணினே என்று கேட்பார், கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சின்னப் பிள்ளை தப்புச் செய்த மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"கை நடுங்குதும்மா. உடைச்சிட்டேன்."

 அவள் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உள்ளே கூட்டிக்கொண்டு வந்து தலை துவட்டினாள், சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டாள். இந்த முறை பட்டன்களைச் சரியாக மாட்டினாள். பிறகு ஒரு குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள். ஒடியாத தண்டில் கீழ்க்கிளையில் ஒரே ஒரு மொட்டு பாக்கி இருந்தது, அது விரிய இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். பக்கத்தில் குச்சி ஒன்றை ஊன்றி, விரித்த குடையை அதில் இறுக்கிக் கட்டினாள். காற்றுக்குக் குடை திரும்பிக்கொள்ளாமல் இருக்க நான்கு பக்கமும் நாடா பிடித்து, கல்லில் கட்டினாள். அடுத்த வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, செடிக்கும் ஜலதோஷமா என்று கேட்டாள். ஊசியக்கா நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மொட்டு விரிந்த காலையும் மழைதான். அவரைப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மண்டியிட்டாள். அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். தேனீ வந்து உட்காராதபடி கீழ் இதழ்களைக் கத்தரித்தாள். காற்றே ஈரமாக இருந்ததால், பஞ்சைத் திரித்து அந்த உதட்டின் ஓரத்திலிருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள். குப்பியைத் திறந்து, இடுக்கியால் எடுத்து, மஞ்சள் பொடியை மெல்லத் தடவினாள். துணியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுப் போடும் கை அது, துளியும் நடுங்கவில்லை.

"ஒட்டுச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"ஒட்டியிருக்கு."

"மூணு உதட்டுலயும்?"

"மூணுலயும்தான்."

 குடைமேல் மழை சொரிந்துகொண்டிருந்தது. பிறகு, குழறாமல் பேச வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார்.

"உங்கப்பா போன அன்னிக்கு, நான் வச்சிட்டுத்தான் வந்தேன். நீ கேட்கவே இல்லையே."

அவள் குடைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை. "கேட்டு என்ன ஆகப்போகுது?"

"அந்தப் பூ எதுவும் காய்க்கலை."

"தெரியும்" என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த வருஷம் முழுக்க, அவருக்குத் தெரியாமல், அவளும் அந்தக் காம்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்த்தாளா, அப்பாவை விட்டுவிட்டு வைத்த பூ காய்க்காமலே போயிற்றே என்று பார்த்தாளா, அவளுக்கே சொல்லத் தெரியாது.

குடைக்குள் வைத்த பூ காய்த்தது. காம்பு தடித்து, பச்சைக்காய் விரல் நீளம் வளர்ந்தது. அவர் தினமும் கோலை ஊன்றிக்கொண்டு போய், தொடாமல் பார்த்துவிட்டு வருவார். கோடையும் கோடை மாதிரி இல்லை. புழுக்கமும் மழையுமாக, சுவரெல்லாம் பூஞ்சை பூத்தது. காய் பழுப்பதற்கு முன்னாலேயே அதன் நுனி கறுக்க ஆரம்பித்தது. விட்டால் முழுக்க அழுகிவிடும், அறுத்தால் விதை முற்றியிருக்காது. இரண்டு நாள் இருவரும் கலந்து பேசினார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தோட்டத்தைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசியது அப்போதுதான். கடைசியில், கறுப்பு பாதிக்கு இறங்கியதும், அறுத்துவிடு என்றார். சமையலறை ஜன்னலில் தட்டில் வைத்து உலர்த்தினாள். பிளந்து பார்த்தால் பாதி விதை பதராகச் சப்பிப்போயிருந்தது. தேறியது ஒரு கைக்குள் அடங்கும். அதில் எது முளைக்கும், எது முளைக்காது என்று அவர் நகத்தால் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

இலை உதிரும் காலத்தில், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், டம்ளரை எடுக்க இடது கையை நீட்டினார். கை டம்ளர் வரைக்கும் போகவில்லை. அவள் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவரோரம் நின்றார். மகள் பத்து நாள் கூட இருந்தாள். தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினாள். அம்மா வரமாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்கு, "விதை போடணும்" என்று சொன்னாள். 

இந்த விதைக்குக் குளிர் பட வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது என்று அவர் சொல்லியிருந்தார். தொட்டியில் போட்டு வெளியிலேயே வைத்தாள். அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு, ஈரம் அதிகம். மண் காயவே இல்லை. ஒரு நாள் தோட்டத்தில் இறங்கியபோது துர்நாற்றம் வந்தது. தாய்ச்செடியின் இலையைப் பிடித்தாள், பிடுங்காமலே கையோடு வந்துவிட்டது. கிழங்கு உள்ளே கூழாகியிருந்தது. அவர் இருந்திருந்தால் முன்னாலேயே கண்டுபிடித்து, அழுகியதைச் சுரண்டி, நல்ல துண்டைக் காயவைத்துப் பிழைக்கவைத்திருப்பார். அவளுக்குத் தெரியவில்லை. குழி தோண்டிக் கிழங்கை முழுக்க எடுத்துப் போட்டாள். இனி அந்தச் செடி கிடையாது. அந்த இரண்டு செடிகளையும் இன்னொரு தடவை சேர்த்துப் பார்க்க யாராலும் முடியாது.

தொட்டியில் முளைத்தவை சிலதான். அவற்றை இடம் மாற்றி நட்டு, களையெடுத்து, கடையையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்த வருஷம் இலை மட்டும்தான். அதற்கடுத்த வருஷம் தண்டு விட்டது. தண்டு முழங்கால் உயரம் வந்தபோது, எல்லோரும் போர்வையை மடித்து உள்ளே வைத்துவிட்ட பிறகு, உறைபனி வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கடையிலிருந்த லைனிங் துணி, பழைய திரை, வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டு போகாமல் விட்ட கோட்டு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து வெளிச்சம் இருக்கும்போதே செடிகளை மூடினாள். விடிந்து எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன. கோட்டுக்கு அடியில் இருந்த குட்டைத்தண்டு மட்டும் நின்றது.

அது பூத்த அன்று மகள் வந்திருந்தாள். இருவரும் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். பூ செங்கல் நிறமாக இல்லை. தாமிரமும் இல்லை. பால் கலந்த தேநீரை ஆறவிட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அடியில் மங்கலாக ஊதா ஓடியது.

"அழகாத்தாம்மா இருக்கு" என்றாள் மகள்.

"உங்கப்பா பார்த்தா பிடுங்கிப் போட்டிருப்பார்."

"நீ பிடுங்கப்போறியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மகள் அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். அப்பா ஞாபகமாக அம்மா அதை வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஊசியக்கா நினைத்தது வேறு. மழை விட்ட அந்தக் காலையில் மூன்று பூக்கள் விரிந்து நின்றன. மூன்றிலும் வைத்திருந்தால் மூன்று காய். ஒரு தட்டு நிறைய விதை. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு நிறமாக வரும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய செங்கல் அந்த விதைகளில் எங்கேயாவது இருந்ததா, இல்லையா? கேட்கவும் ஆளில்லை, பார்க்கவும் வழியில்லை.

மறுநாள் அனல்காற்று வீசியது. மதியத்துக்குள் பூ சுருங்கிக் காம்போடு ஒட்டிக்கொண்டது.

இப்போதும் அவள் கடைக்குப் போகிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறாள். யாருக்குத் தொப்பை வைத்திருக்கிறது என்று இப்போதும் யாரிடமும் சொல்வதில்லை. பூக்காலத்தில் மட்டும், மழை விட்டு வெயில் தலைகாட்டும் காலை வந்தால், கடையில் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. திருத்த வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுவாள். அவசரமாக எங்கே போகிறாள் என்று சாவிக்கடைக்காரர் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். செய்ய வேலை ஒன்றும் இருக்காது. வெயில் மங்கும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.